சைரன் வழி கேட்கிறது

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, மாவட்ட ஆயுதப்படைக் கூடம் ஒன்றில் காவல்துறை ஓட்டுநர்களிடையே ஆற்றிய உரை)

நைட் டூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் கடைசி மூன்று வரிசைக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் தூங்குவதைவிட என் பேச்சுக்கு முன்னால் தூங்குவது எல்லாருக்கும் நல்லது. தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வரும்போது மட்டும் எழுப்பிவிடச் சொல்கிறேன்.

நான் பேச்சாளன் இல்லை. முப்பத்தொரு வருஷம் இந்தத் துறையில் வண்டி ஓட்டியவன். ஜீப் ஓட்டினேன், கைதி வேன் ஓட்டினேன், பைலட் வண்டி ஓட்டினேன். கடைசி ஆறு வருஷம் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அந்த ஆறு வருஷத்தில்தான் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

"போலீஸ் வண்டியை எப்படி ஓட்டுவது" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கும்போதே எட்டுப் போட்டுக் காட்டியாயிற்றே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மற்றவர்களுக்கு வண்டி ஓட்டும்போது ஒரே வேலை. ரோட்டைப் பார்ப்பது. உங்களுக்கு எத்தனை வேலை? மைக் அலறிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஐயா ஏதோ கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும். தேடிப் போகிற ஆள் டீக்கடையில் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். பின்னால் கைதி இருந்தால் அங்கேயும் ஒரு கண் வைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில், மிச்சம் மீதி இருக்கிற கவனத்தில் ரோட்டையும் பார்க்க வேண்டும்! இப்படி ஓட்ட எந்த டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருகிறார்கள்?

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சைரன் வழி கேட்கிறது. சைரன் வழி தருவதில்லை. கேட்பது நம் வேலை. தருவது எதிரே வருகிறவன் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்த இடத்தில்தான் நம் வண்டிகள் மோதியிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைப் பாருங்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி, இவற்றுக்கெல்லாம் உண்மையான அவசரத்தில் சலுகை உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டலாம். வேக வரம்பை மீறலாம். இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதே இடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்ல மாட்டீர்கள். உரிய எச்சரிக்கையோடும் பொறுப்போடும் செய்ய வேண்டும். அந்த இரண்டு சொல்தான் சட்டத்தின் உயிர். வழிவிடாமல் மறித்தவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு, உண்மைதான். ஆனால் மறித்தானா, சைரன் காதிலேயே விழவில்லையா என்பது மோதிய பிறகுதானே தெரிகிறது?

காதில் விழுந்திருக்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டு, பாட்டு வைத்துக்கொண்டு போகிறான் ஒருத்தன். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறான் இன்னொருத்தன். காது மந்தமான ஒரு பெரியவர் சைக்கிளில் போகிறார். நமக்குத் தலை வெடிக்கிற மாதிரிக் கேட்கிறது. ஏன்? சைரன் நம் தலைக்கு மேலே இருக்கிறது. அவன் தலைக்கு மேலே இல்லை.

என் கதையையே சொல்கிறேன். ஊர் வேண்டாம். ராத்திரி பதினொன்றே முக்கால். ஒரு கோஷ்டி மோதல் என்று தகவல். நான் ஜீப்பில், சைரன் போட்டு, நாலு ரோடு சந்திப்புக்கு வருகிறேன். சிக்னல் சிவப்பு. ரோடு காலி. சைரன்தான் அலறுகிறதே என்று தாண்டினேன். இடது பக்கமிருந்து ஒரு ஆம்புலன்ஸ். அதுவும் சைரன் போட்டுத்தான் வந்தது. என் சைரனில் அவன் சைரன் எனக்குக் கேட்கவில்லை. அவன் சைரனில் என் சைரன் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் பிரேக்கை மிதித்து, இரண்டு வண்டியும் ஒரு முழம் இடைவெளியில் நின்றன. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு சைரனும் அலறிக்கொண்டே இருந்தன. அணைக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

அந்த ஆம்புலன்ஸுக்குள் ஒரு பிரசவக் கேஸ் இருந்தது என்று மறுநாள் தெரிந்தது. ஒரு முழம் குறைந்திருந்தால்? நான் யாரைக் காப்பாற்றப் போனேன், யாரைக் கொன்றிருப்பேன்?

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எவ்வளவு அவசரமானாலும், சிவப்பு விளக்கில் நடந்துபோகிற வேகத்துக்கு இறங்குவேன். சந்திப்புக்கு முன்பே சைரனின் ராகத்தை மாற்றுவேன். ஒரே ராகத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தால் காது அதை மறந்துவிடும், மாறும்போதுதான் திரும்பிப் பார்ப்பான். பிறகு ஒவ்வொரு ரோடாக, ஒவ்வொரு ஓட்டுநரின் முகமாகப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் அவன் ரோட்டைக் கடப்பேன். இதற்கு எத்தனை நேரம் ஆகும்? நாலு விநாடி, ஐந்து விநாடி. அதற்குமேல் ஆனதில்லை.

அவசரம் என்ற சொல்லையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் சம்பவம். எண்பதில் போனால் ஏழரை நிமிஷம். நூறில் போனால் ஆறு நிமிஷம். மிச்சம் ஒன்றரை நிமிஷம். அதுவும் வழியில் ஒரு வேகத்தடை, ஒரு மாடு, ஒரு ரயில்வே கேட் இல்லாமல் போனால்தான்! இந்த ஒன்றரை நிமிஷத்துக்காக என்னென்ன பணயம் வைக்கிறோம் என்று பாருங்கள்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குப் பதினொரு மீட்டர் போகிறது. எண்பதில் இருபத்திரண்டு மீட்டர். கண் பார்த்து, மூளைக்குப் போய், கால் பிரேக்கில் படுவதற்கு நல்ல ஓட்டுநருக்கே சுமார் ஒரு விநாடி. அதற்குப் பிறகுதான் வண்டி வேகம் குறைய ஆரம்பிக்கும். காய்ந்த நல்ல ரோட்டில், நாற்பதில் வருகிறவன் மொத்தம் இருபது மீட்டரில் நின்றுவிடுவான். இருபது மீட்டருக்கு முன்னால் ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதில் வந்த வண்டி அவன் சட்டையைத் தொட்டு நிற்கும். எண்பதில் வந்த வண்டி? அந்த இருபதாவது மீட்டரில் உங்கள் கால் பிரேக்கில் இன்னும் படவே இல்லை! முழு எண்பதில் அவன்மேல் ஏறுகிறீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலு மடங்கு. மழை பெய்திருந்தால் அதைவிடவும் மோசம். இந்தக் கணக்கை இன்ஸ்பெக்டர் மாற்ற முடியாது, டி.எஸ்.பி. மாற்ற முடியாது, டி.ஜி.பி.யும் மாற்ற முடியாது.

அந்த ஒன்றரை நிமிஷம் நமக்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் அதை ரோட்டில் தேடாதீர்கள், ஸ்டேஷனில் தேடுங்கள். தகவல் வந்ததும் சாவியைக் காணோம் என்று ரைட்டர் மேசையில் துழாவுகிறோமே, அங்கே போகிறது அரை நிமிஷம். வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, கிளம்பும்போது ரிவர்ஸ் எடுத்து, பின்னால் நிற்கிற பறிமுதல் பைக்குகளை நகர்த்தச் சொல்கிறோமே, அங்கே போகிறது ஒரு நிமிஷம். பாதி வழியில் டீசல் முள் சிவப்பைத் தொடுகிறது. எந்தத் தெரு என்று கேட்காமல் கிளம்பி, அதே பேரில் இருக்கிற இன்னொரு நகருக்குப் போய் நிற்கிறோம். சாவிக்கு ஓர் ஆணி. வண்டிக்கு மூக்கு வெளியே பார்த்த நிறுத்தம். டேங்க் எப்போதும் பாதிக்கு மேல். கிளம்புமுன் முகவரியை ஒரு முறை திருப்பிச் சொல்லிக் கேட்பது. இதெல்லாம் இருந்தால் எண்பதில் போயே, நூறில் போகிறவனுக்கு முன்னால் போய் நிற்கலாம்.

அடுத்தது துரத்தல். சினிமா நம்மைக் கெடுத்த இடம் இதுதான். சினிமாவில் போலீஸ் ஜீப் பறக்கும், காய்கறி வண்டி கவிழும், கோழிக்கூண்டு சிதறும், யாருக்கும் ஒரு கீறல் விழாது. நிஜத்தில் அந்தக் காய்கறி வண்டிக்குப் பின்னால் ஒரு அம்மா நிற்கிறாள்.

எதற்குத் துரத்துகிறோம்? இந்தக் கேள்வியை ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஓடுகிறவன் கையில் அரிவாளோடு, இன்னொருத்தனை வெட்டப் போகிறானா? துரத்து. ஹெல்மெட் போடாமல் போகிறானா? நம்பரைக் குறித்துக்கொள், விட்டுவிடு. 2018 மார்ச் மாதம் திருச்சி துவாக்குடிப் பக்கம் நடந்ததை இந்தக் கூடத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு பைக்கைத் துரத்தியதில், பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். துரத்திய இன்ஸ்பெக்டர் கைதானார். ஹெல்மெட் எதற்கு? தலையைக் காப்பாற்ற. தலையைக் காப்பாற்றும் சட்டத்தை அமல்படுத்தப் போய் ஓர் உயிரைப் பறிகொடுத்துவிட்டு வந்தோம். இதை வெளி ஆள் வந்து சொல்லும் முன் நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

துரத்தும்போது மனுஷனுக்கு என்ன ஆகிறது தெரியுமா? கண் சுருங்குகிறது. முன்னால் ஓடும் வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் இருட்டு. பிரிட்டன் போலீஸார் இதற்குச் சிவப்பு மூடுபனி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கண் மண் தெரியாமல் என்கிறோம், அதேதான். ஓடுகிறவனுக்கும் அதே நிலைமைதான். நீ நெருங்க நெருங்க அவன் இன்னும் மிதிப்பான். நீ விட்டால் அவன் வேகம் குறைப்பான். துரத்துவது மணல் லாரியை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். பாரம் ஏற்றிய டிப்பர் நினைத்த இடத்தில் நிற்காது. அதற்கு முன்னால் ஜீப்பைக் குறுக்கே போட்டு நிறுத்துவது வீரம் என்று யாராவது சொன்னால், அந்த ஆள் எத்தனை டிப்பர் ஓட்டியிருக்கிறார் என்று கேளுங்கள்.

கையில் மைக் எதற்கு இருக்கிறது? நம் வண்டி நூறில் போகும், நூற்றிருபதில் போகும். மைக்கில் சொன்ன சொல் அடுத்த செக்போஸ்டுக்கு அந்த விநாடியே போய்ச் சேரும். அதை முந்தும் வண்டியை இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

இப்போது கடைசி மூன்று வரிசையை எழுப்பிவிடுங்கள்.

எழுந்தாச்சா? தம்பி, நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நேற்றுக் காலை ஆறு மணிக்கா? இப்போது மணி பதினொன்று. திருவிழா பந்தோபஸ்து, தலைவர்கள் வருகை, தேர்தல் என்று வந்துவிட்டால் இது நமக்குச் சாதாரணம். ஆனால் விஞ்ஞானம் இதைச் சாதாரணம் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 1997இல் ஆராய்ந்து பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவனைப் போல வேலை செய்கின்றன என்று கண்டார்கள். நம் நாட்டில் வரம்பு எத்தனை? 30 மில்லிகிராம். ராத்திரி ரோட்டில் மெஷினை நீட்டி, ஊது என்கிறோமே, முப்பதைத் தாண்டினால் வண்டியைப் பிடுங்குகிறோமே. ஒரு சொட்டுக் குடிக்காமல், ஐம்பது கணக்கில் நின்றுகொண்டு நாம் ஊதச் சொல்கிறோம்!

தூக்கம் சொல்லிக்கொண்டு வராது. கண் திறந்தே இருக்கும், மூளை மூன்று விநாடி அணைந்துவிடும். எண்பதில் மூன்று விநாடி என்றால் அறுபத்தாறு மீட்டர். இந்தக் கூடத்தைவிட நீளம். ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, வெற்றிலை போடுவது, சத்தமாகப் பாட்டு வைப்பது எல்லாம் நானும் செய்தவன்தான். ஒன்றும் பலிக்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். ஓரமாக, பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது சொன்னால், என் பேரைச் சொல்லுங்கள்.

மேடையில் இருக்கும் அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை. பந்தோபஸ்து முடிந்ததும் போலீஸ்காரர்கள் வண்டியில் ஏறித் தூங்கிவிடுகிறார்கள். டிரைவர் மட்டும் அவர்களை ஏற்றிக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் திரும்பி ஓட்டுகிறான். கூட வந்தவர்கள் எட்டு மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்றால் அவன் பதினாறு மணி நேரம் பார்த்திருக்கிறான். நிறுத்தி வைத்திருந்த நேரமெல்லாம் ஓய்வு என்று கணக்கு எழுதுகிறோம். வெயிலில், ஐயா எப்போது கூப்பிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்திருப்பதற்குப் பேர் ஓய்வா?

இதே மூச்சில் பதவியைப் பற்றியும் பேசிவிடுகிறேன். வண்டிக்குள் யார் பெரியவர்? சந்தேகமே இல்லை, ஐயாதான். எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லட்டும். எப்படிப் போக வேண்டும் என்பதை ஓட்டுகிறவன்தான் சொல்ல வேண்டும். 1977இல் டெனெரிஃப் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இன்னொரு விமானம் இன்னும் பாதையில் இருக்குமோ என்று ஒரு கேப்டனுக்குப் பின்னால் இருந்த இன்ஜினியர் கேட்டார். இல்லை என்று கேப்டன் சொல்லிவிட்டார். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று இன்ஜினியர் அதற்குமேல் பேசவில்லை. அதற்குப் பிறகுதான், சின்னவன் சொல்வதைப் பெரியவன் கேட்கப் பழக வேண்டும் என்று விமானக் கம்பெனிகள் பயிற்சியே வைத்தன. நம் ஜீப்பில் அந்தப் பயிற்சி எப்போது?

"வேகமாப் போப்பா" என்று பக்கத்து சீட்டிலிருந்து சொல்வது சுலபம். மோதிவிட்டால் எஃப்.ஐ.ஆரில் ஏ1 யார்? டிரைவர்தான். முன்பு ஐ.பி.சி. 304ஏ, இரண்டு வருஷம் வரை சிறை. இன்று பி.என்.எஸ். 106, ஐந்து வருஷம் வரை. காக்கிச் சட்டைக்கு அதில் தனிப் பிரிவு கிடையாது. ஆகவே தம்பிகளே, "ஐயா, இதுக்கு மேல போனா வண்டி நிக்காதுங்கய்யா" என்று ஒரு தடவை சொல்லிப் பழகுங்கள். குரலில் மரியாதை இருக்கட்டும், கால் மட்டும் பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கோபித்துக்கொள்கிற ஐயா ஒருத்தர் இருப்பார். மறுநாள் யோசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்காருகிற ஐயாக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெல்ட் விஷயமும் அப்படித்தான். அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, துப்பாக்கி இடிக்கிறது, தொப்பை இடிக்கிறது என்று நாம் சொல்லாத சாக்கு இல்லை. ஊரெல்லாம் பெல்ட் கேஸ் போட்டுவிட்டு நம் பெல்ட்டை சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். பொதுஜனத்துக்கு ஆயிரம் ரூபாய். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 210பி என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள், படித்திருக்கிறீர்களா? சட்டத்தை அமல்படுத்த அதிகாரம் உள்ளவர்களே மீறினால் அபராதம் இரண்டு மடங்கு. ஜனங்கள் நம்மிடம் இரண்டு மடங்கு எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சட்டமே எழுதி வைத்துவிட்டது.

சரி, திட்டியது போதும். கற்றுக்கொடுக்க வந்தேன், அதைச் செய்கிறேன்.

1930களில் லண்டனில் போலீஸ் வண்டிகள் மோதிக்கொண்டே இருந்தன. ஹெண்டன் என்ற இடத்தில் ஓட்டுநர் பள்ளி தொடங்கினார்கள். ஆலோசனை சொல்ல யாரைக் கூப்பிட்டார்கள்? காட்டன்ஹாம் பிரபு என்ற கார்ப்பந்தய வீரரை. பந்தயக்காரன் வந்து பறக்கச் சொல்லித் தருவான் என்றுதானே நினைப்போம்? அவர் நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும் முன்கூட்டியே, ஓர் ஒழுங்கோடு செய்யச் சொன்னார். முதலில் பார், பிறகு இடம் பிடி, பிறகு வேகத்தைச் சரிசெய், பிறகு கியர், அதற்குப் பிறகுதான் மிதி. வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்காதே, வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிடு. இந்த முறையிலிருந்து வளர்ந்ததுதான் அங்கே 1955இல் வெளியான ரோட்கிராஃப்ட் என்ற கையேடு. இன்றும் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பயிற்சியில் ஒரு வித்தை உண்டு. ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் இதை நம் பிள்ளைகளுக்குச் செய்ய வைத்தேன். முதல் நாள் வெட்கப்படுவார்கள். பத்து நாளில் ஆளே மாறிவிடுவார்கள். எப்படி என்று சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

"முன்னால் டவுன் பஸ். படியில் ஒரு ஆள் வெளியே சாய்கிறான், ஸ்டாப் வரப்போகிறது, பஸ் நிற்கும். இடது பக்கம் டீக்கடை, நாலு பைக், ஒருத்தன் ஹெல்மெட்டைக் கையில் எடுக்கிறான், அவன் கிளம்புவான். ஷேர் ஆட்டோ காலியாகப் போகிறது, கை காட்டினால் நடு ரோட்டில் நிற்பான். வலது பக்கம் ஆட்டுக்குட்டி ரோட்டைக் கடந்துவிட்டது, தாய் ஆடு இன்னும் இந்தப் பக்கம், அது ஓடி வரும். ரோடு பளபளக்கிறது, கரும்பு லாரி சிந்தியிருக்கிறது, வழுக்கும். பள்ளிக்கூட போர்டு, மணி நாலு பத்து, பிள்ளைகள் வருவார்கள். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் மீன் வண்டி ஒட்டிக்கொண்டு வருகிறது, நான் சட்டென்று பிரேக் பிடித்தால் அவன் என்மேல் ஏறுவான், இப்போதே மெதுவாகக் குறைக்கிறேன்."

பார்த்தீர்களா? எதுவும் நடந்ததோடு நிற்கவில்லை. எல்லாம் நடக்கப்போவதைப் பற்றி. நிற்கும், கிளம்புவான், ஓடி வரும், வழுக்கும். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. சாதாரண ஓட்டுநர் ரோட்டைப் பார்க்கிறான். நீங்கள் ரோட்டைப் படிக்க வேண்டும். அக்யூஸ்ட் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிக்கிற கண்தானே உங்களுக்கு? அந்தக் கண்ணை வண்டியில் ஏறும்போது ஸ்டேஷனிலேயே கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரே ஸ்டேஷனில் பழைய ஜீப்பும் இருக்கும், புது வண்டியும் இருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். பழையதில் பெரும்பாலும் இருக்காது. ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பலாம். பெடல் காலுக்குக் கீழே நடுங்கும், பயந்து காலை எடுக்காதீர்கள். இல்லாத வண்டியில் அதே மாதிரி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி நேராகப் போய் மோதும். அதில் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். சாவியை வாங்கும்போதே இது எந்த வண்டி என்று காலுக்குச் சொல்லிவிடுங்கள். உயரமான வண்டிகள் வளைவில் சாயும், கூரையில் சாமான் கட்டியிருந்தால் கவிழும். மலையில் இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்குங்கள். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. எழுபதையும் பிரேக்கிலேயே இறங்கினால் கடைசி பத்தில் பிரேக் சூடேறி, பெடல் வெறுமனே உள்ளே போகும். ஏறி வருகிறவனுக்கு வழிவிடுங்கள், அது சட்டமும்கூட.

போய்ச் சேர்ந்த பிறகும் ஓட்டுநர் வேலை முடியவில்லை. பைபாஸில் ராத்திரி விபத்து. நாம் போய், அடிபட்ட வண்டிக்கு முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி ஓடுகிறோம். பின்னால் ஆம்னி பஸ் வந்துகொண்டிருக்கிறது. ஒரு விபத்து இரண்டாகிறது. நம் வண்டியை விபத்துக்குப் பின்னால், வண்டிகள் வரும் பக்கத்தில், நல்ல இடைவெளி விட்டுச் சாய்வாக நிறுத்த வேண்டும். முன் சக்கரத்தை ஓரத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும், யாராவது வந்து இடித்தால் வண்டி ஆட்கள்மேல் பாயாமல் ஓரத்துக்குப் போகும். ஒளிரும் ஜாக்கெட்டைப் போட்ட பிறகு இறங்குங்கள், இறங்கிய பிறகு அல்ல. இரண்டு வண்டிகளுக்கு நடுவில் மட்டும் நிற்காதீர்கள். டேப் பிடித்து அளந்து, மகஜர் எழுதி, அடுத்தவர் சாவைக் கணக்கெடுத்த கை நம் கை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105. அவ்வளவுக்கும் எங்கோ ஒரு போலீஸ்காரன் போய் நின்றிருக்கிறான். போய் நிற்கிறவன் அந்தக் கணக்கில் சேரக் கூடாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். உள்ளே வரும்போது வெளியே புங்கமரத்தடியில் வண்டிகளை எண்ணினேன். பதினேழு. அதில் மூக்கு வெளியே பார்த்து நிற்பது நாலு. ஒரு வண்டியின் முன் டயர் என் வழுக்கைத் தலையைப் போல இருக்கிறது, யாருடையது என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். கூட்டம் முடிந்ததும் டீ இருக்கிறதாம். குடித்துவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். நைட் டூட்டி பார்த்தவர்கள் சாவியை வேறு ஆளிடம் கொடுங்கள். நான் கேட்டில் நிற்பேன். பெல்ட் போடாமல் வருகிற வண்டியை, ஐயா வண்டியாக இருந்தாலும் சரி, கை காட்டி நிறுத்துவேன்.